பொனேரில் ஒரு வாரம் வழிகாட்டி இல்லாமல் கரை டைவ்: 20 டைவ் அனுபவம் போதுமா?

அலைவாசி:

வணக்கம். கரீபியனில் பொனேர் தீவுக்கு வரும் மார்ச்சில் 7 இரவு போவதாகத் திட்டம். சனி மதியம் இறங்கி, அடுத்த சனி காலை 8 மணி விமானத்தில் கிளம்புகிறோம். இரண்டு பேர்தான். இருவருக்கும் ஸ்கூபா டைவிங்கின் முதல்நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ், ஆளுக்கு 20 டைவ். அத்தனையும் படகிலிருந்து, வழிகாட்டியின் ஃபின்னை (காலில் மாட்டும் துடுப்பை)ப் பார்த்துக்கொண்டே பின்னால் போனவை.

வண்டியில் காற்று டேங்க்கை ஏற்றிக்கொண்டு, கரையிலிருந்தே நாமாக இறங்கலாம் என்பதுதான் பொனேர்மேல் ஈர்ப்பு. எங்கள் அனுபவத்துக்கு இது சரிப்படுமா? ஒரு நாளைக்கு எத்தனை டைவ் வைக்கலாம், எந்த இடத்தில் தொடங்குவது, எதைக் கையோடு கொண்டுபோவது, எங்கே தப்பு நடக்கும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

கடற்குதிரை:

சரிப்படும். சொந்தமாக டைவ் பண்ணிப் பழக இதைவிடத் தோதான இடம் கரீபியனில் கிடைப்பது கஷ்டம். தீவு கிடக்கிற விதம்தான் காரணம். அந்தப் பக்கம் வியாபாரக் காற்று வருஷம் முழுக்கக் கிழக்கிலிருந்து அடிக்கும். அதனால் கிழக்குக் கரை எப்போதும் கொந்தளிப்பு. மேற்குக் கரை காற்று மறைவில் குளம் மாதிரி இருக்கும். கரை டைவ் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே மேற்கில்தான். சாலையோரம் பெயர் எழுதிய மஞ்சள் கல் இருந்தால் அது ஒரு டைவ் இடம். கொஞ்ச தூரம் நீந்தியதும் 10 மீட்டர் ஆழத்துப் பக்கம் பவளப்பாறையின் விளிம்பு வரும், அங்கிருந்து சரிவு 30 மீட்டரைத் தாண்டி இறங்கும். மார்ச்சில் தண்ணீர் 26 டிகிரி அளவில் இருக்கும். ஒரு டைவுக்கு இதமாகத் தெரியும், நாளைக்கு மூன்று என்றால் குளிர் ஏறும். 3 மிமீ முழு சூட் எடுத்துக்கொள்ளுங்கள்.

புயல் பாதைக்குத் தெற்கே இருப்பதால் பொனேரில் நேரடியாகப் புயல் அடிப்பது அபூர்வம். ஆனால் 1999 நவம்பரில் லென்னி புயல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்தபோது, அலை நேராக இந்த அமைதியான கரையில் மோதி, ஆழம் குறைந்த பவளத்தை உடைத்துப்போட்டது. மார்ச்சில் அந்தப் பயம் இல்லை. ஆனாலும் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் நாளில் கரை டைவ் வேண்டாம் என்பது எந்த மாதத்துக்கும் பொருந்தும்.

பணம், தாள் விஷயம்: 2010 அக்டோபர் 10 முதல் பொனேர் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. ஆனால் 2011 தொடக்கத்திலிருந்து புழங்குவது அமெரிக்க டாலர். யூரோ மாற்றிக்கொண்டு போக வேண்டாம். வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவு வரி 75 டாலர், 2022 ஜூலையில் வந்தது. அது தவிர கடல் பூங்காவுக்கு ஸ்டினாபா அமைப்பு வாங்கும் இயற்கைக் கட்டணம் 40 டாலர். இரண்டையும் கிளம்புமுன் இணையத்தில் கட்டி, ரசீதை போனில் வைத்திருங்கள். அன்றைய தொகையை அங்கேயே ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டணம் கட்டாமல் டேங்க் தரமாட்டார்கள். பூங்கா விதிகளைச் சொல்லும் அறிமுகமும், தங்கும் இடத்தை ஒட்டி ஒரு சோதனை டைவும் கட்டாயம். அந்த டைவைச் சடங்காக நினைக்காதீர்கள். மேலே மிதந்துவிடாமல் இருக்கக் கட்டும் ஈய எடையைச் சரிபார்க்க அதுதான் நேரம்.

வண்டி பிக்-அப்தான் எடுக்க வேண்டும், அதையும் அறையோடு சேர்த்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் கியர் வண்டியாக இருக்கும், சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இரவில் கழுதையும் ஆடும் குறுக்கே வரும்.

வடக்கே போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். தௌசண்ட் ஸ்டெப்ஸ் என்ற டைவ் இடம் தாண்டியதும் கரையோரச் சாலை ஒருவழி. கார்பாட்டா வரை போய், உள்நாட்டில் ரிங்கோன் ஊர் வழியாகச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். ஒரு மஞ்சள் கல்லைத் தவறவிட்டால் பின்னால் எடுக்க முடியாது, முழுச் சுற்றும் வர வேண்டும். அதனால் வடக்கு நாள் என்றால் முதல் டைவ் எது, இரண்டாவது எது என்று சாலை வரிசையிலேயே முடிவு செய்து, நாலு டேங்க்கோடு கிளம்புங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று டைவ் போதும். ஞாயிறு சோதனை டைவும், நகரத்தை ஒட்டி பாரி ரீஃபும். திங்கள் விமான நிலையம் பக்கம் விண்ட்சாக். செவ்வாய் தெற்கே ஏஞ்சல் சிட்டி, சால்ட் பியர். புதன் ஒரே ஒரு படகு டைவ், எதிரே இருக்கும் கிளைன் பொனேர் குட்டித் தீவுக்கு; மற்ற நேரம் ஓய்வு. வியாழன் வடக்கு. வெள்ளி காலை ஒன்றோடு முடித்துவிடுங்கள். மொத்தம் 14, 15 டைவ் வரும். அளவில்லா டேங்க் திட்டம் எடுத்துவிட்டோம், விடக்கூடாது என்று 24 டைவ் போட்டால் புதன்கிழமையே காது கெட்டுவிடும்.

பதினெட்டு மீட்டர்:

மேலே சொன்ன இட வரிசை நல்ல வரிசை. நான் தண்ணீருக்குள் நடப்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வழிகாட்டி பின்னால் போனவர்களுக்கு விட்டுப்போவது அதுதான். வழிகாட்டி மூன்று வேலை செய்கிறார்: காற்றுக் கணக்கு, திசை, வெளியேறும் இடம். இனி இந்த மூன்றும் உங்களுடையவை. மீன் காட்டுவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

காற்று. அங்கே கிடைப்பது 11 லிட்டர் அலுமினிய டேங்க், 200 பார் அழுத்தம். உங்கள் அனுபவத்தில் மேற்பரப்பில் நிமிஷத்துக்கு 18 லிட்டர் மூச்சு என்று வைப்போம். சராசரி 15 மீட்டரில் அழுத்தம் 2.5 மடங்கு, ஆகவே நிமிஷத்துக்கு 45 லிட்டர். "50 பாரில் மேலே வா" என்ற விதி எங்கேயும் போதும் என்று நினைக்காதீர்கள். 18 மீட்டரில் ஒருவருக்குக் காற்று நின்று இருவரும் ஒரே டேங்க்கில் மூச்சு விட்டால், பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர். நிலைமையைச் சரிசெய்ய 1 நிமிஷம், மேலேற 2 நிமிஷம், 5 மீட்டரில் 3 நிமிஷ நிறுத்தம். கூட்டிப் பார்த்தால் 660 லிட்டர் சொச்சம், அதாவது 60 பார். அந்த ஆழத்தில் 50 பாரோடு இருப்பது இரண்டு பேருக்குப் பற்றாது.

அதனால் 130 பாரில் திரும்புங்கள், யாருக்கு முதலில் 130 வருகிறதோ அவர் கணக்குப்படி. போக 70 பார் செலவு, அதாவது சுமார் 17 நிமிஷம். திரும்பும்போது ஆழம் குறைத்து 10, 12 மீட்டரில் வந்தால் இன்னும் குறைவாகச் செலவாகும். விளிம்புக்கு வரும்போது 70க்கு மேல் மிச்சம் இருக்கும். அதை 5 மீட்டர் மணல் திட்டில் செலவழியுங்கள். பாதுகாப்பு நிறுத்தம் தானாக முடிந்துவிடும். கடற்குதிரை, தவளை மீன், விசிறிப் பவளத்தில் ஒட்டியிருக்கும் ஃபிளமிங்கோ டங் நத்தை எல்லாம் அந்த ஆழமில்லாத இடத்தில்தான் நிதானமாகத் தேட வேண்டும். பலரும் அதைக் கடந்து ஓடிவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

திசை. மேற்குக் கரை என்பதால் ஒரு சௌகரியம் உண்டு. வடக்கே போனால் பாறைச் சரிவு வலத்தோளில், தெற்கே போனால் இடத்தோளில். இறங்கியதும் படகு கட்டும் மிதவையின் கயிறு எந்தப் பக்கம் சாய்கிறது, விசிறிப் பவளம் எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். நீரோட்டத்துக்கு எதிராகத் தொடங்கி, அதோடு திரும்புங்கள்.

விளிம்பை அடைந்ததும் அப்படியே கீழே போகாதீர்கள். நின்று, கரையைப் பார்க்கத் திரும்புங்கள். நீங்கள் திரும்பி வரும்போது பார்க்கப்போவது அந்தக் காட்சிதான். போகும்போது பார்த்தது இல்லை. மிதவையின் கான்கிரீட் கட்டையோ, பக்கத்தில் தனியாக நிற்கும் பவளத் தலையோ, ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். அதன் ஆழம், அப்போதைய நேரம், டேங்க் பார் மூன்றையும் சிலேட்டில் எழுதுங்கள். "10 மீட்டர், 6வது நிமிஷம், 180 பார், கட்டைக்கு இடப்பக்கம் மஞ்சள் குழாய்ப் பஞ்சு" என்று எழுதினால் போதும். திரும்பும்போது அதே 10 மீட்டர் கோட்டில் நீந்தினால் அது கண்ணில் படாமல் போகாது. விளிம்பில் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும். நினைவை நம்பியவர்கள்தான் 200 மீட்டர் தள்ளி எழுகிறார்கள்.

தவறிவிட்டால் மேலே நீண்ட தூரம் நீந்த வேண்டாம். மிதவைக் குழாயை (நாம் இருக்கும் இடத்தைப் படகுகளுக்குக் காட்டும் காற்றுக் குழாய்) முதலில் மேலே அனுப்பி, பிறகு எழுந்து, வண்டி எங்கே என்று பார்த்து, காம்பஸில் குறித்து, மறுபடி 4 மீட்டருக்கு இறங்கி நீந்துங்கள். படகு போக்குவரத்துக்கும் அதுதான் பாதுகாப்பு. கண்ட இடத்தில் கரையேறாதீர்கள். பெரும்பகுதி கரை, கத்தி முனை போன்ற பழைய பவளக்கல்.

நுழைவு. ரெகுலேட்டரை (டேங்க்கிலிருந்து மூச்சு விடும் கருவி) மாட்டி டேங்க்கைத் திறந்து கசிவு பார்ப்பதெல்லாம் வண்டிப் பின்பலகையில் முடிய வேண்டும். ஃபின்னைக் கையில் எடுத்து, துணையின் தோளைப் பிடித்து, காலைத் தூக்காமல் தேய்த்து நடங்கள். உருண்டைக் கற்களுக்கு நடுவே குழி இருக்கும், பாசி வழுக்கும், கடல் முள்ளெலி ஒளிந்திருக்கும். தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் இல்லாமல் இறங்கக்கூடாது. குதிகால் மூடிய ஃபின் இங்கே உதவாது. இடுப்பளவு நீர் வந்ததும் பிசிடியில் (காற்று ஏற்றி மிதக்கும் ஜாக்கெட்) காற்றை ஏற்றி, மல்லாந்து மிதந்து ஃபின் மாட்டுங்கள். முழங்கால் அளவில் நின்று ஒற்றைக் காலில் மாட்ட முயன்றால் விழுவது நிச்சயம். வெளியே வரும்போது இதே வரிசை தலைகீழாக. மாஸ்க்கும் வாயில் ரெகுலேட்டரும் கடைசி அடிவரை இருக்கட்டும்.

எடை: டேங்க் நிரம்பியிருக்கும்போது சரிபார்த்த எடை, முடிவில் பற்றாது. 150 பார் காற்று செலவானால் சுமார் 2 கிலோ குறையும், அலுமினிய டேங்க் மேலே இழுக்கும். சோதனை டைவின் கடைசியில், 50 பாரில், 5 மீட்டரில் பிசிடியைக் காலி செய்து நிற்க முடிகிறதா என்று பாருங்கள். இழுத்தால் 1 கிலோ கூட்டுங்கள்.

அலைவாசி:

இரண்டு பேருக்கும் நன்றி. 130 கணக்கைக் குறித்துக்கொண்டோம். இரண்டு சந்தேகம். போகுமுன் நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) பயிற்சி எடுத்துக்கொள்வது பயன்படுமா? ஹில்மா ஹூக்கர் கப்பல் சிதைவை எங்கள் சான்றிதழோடு பார்க்கலாமா?

நங்கூரம்:

நைட்ராக்ஸ் எடுங்க, ஆனா எதுக்குன்னு தெரிஞ்சு எடுங்க. 18 மீட்டர்ல நேரா மேல ஏறக்கூடிய நேர வரம்பு, பாடி (PADI) பயிற்சி அமைப்போட அட்டவணைல சாதாரணக் காற்றுக்கு 56 நிமிஷம், 32 சதவீத நைட்ராக்ஸுக்கு 95 நிமிஷம். ஆனா முதல் டைவ்ல உங்க டேங்க்கே 40 நிமிஷத்துல முடிஞ்சிடும், அதனால அங்க லாபம் பெருசா தெரியாது. பலன் தெரியறது அன்னைக்கு மூணாவது டைவ்லயும், நாலாவது அஞ்சாவது நாள்லயும், உடம்புல நைட்ரஜன் சேர்ந்தப்புறம்தான். அதைக் காட்டி காற்று அதிக நேரம் வரும்னு நினைக்காதீங்க, டேங்க் அளவு அதேதான்.

ஒவ்வொரு டேங்க்கையும் எடுக்கும்போதே நீங்களே ஆக்ஸிஜன் அனலைசர்ல பார்த்து, சதவீதத்தையும் ஆழ வரம்பையும் டேப்ல எழுதி ஒட்டுங்க. 32னா ஆக்ஸிஜன் அழுத்தம் 1.4ங்கிற வரம்புக்கு 33 மீட்டர், 36னா 28 மீட்டர். டைவ் கம்ப்யூட்டர்லயும் (ஆழம், நேரம் கணக்குப் பார்க்கிற கைக் கருவி) அதே சதவீதத்தை மாத்தணும். முந்தின நாள் அமைப்பிலேயே விட்டுட்டுப் போறதுதான் அதிகம் நடக்கிற தப்பு.

ஹில்மா ஹூக்கர் 72 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல். கஞ்சா கடத்தினதுல பிடிபட்டு, 1984 செப்டம்பர் 12ல மூழ்குச்சு. ரெண்டு பவளத் திட்டுக்கு நடுவுல மணல்ல வலப்பக்கமா சாஞ்சு கிடக்கு. அடி 30 மீட்டர் பக்கம், மேல இருக்கிற பக்கம் 18 மீட்டர் பக்கம். ஓப்பன் வாட்டர் வரம்பு 18, அதனால மேல் பக்கத்தோட நீளத்துல நீந்தலாம், கீழ இறங்கக்கூடாது. தண்ணி தெளிவா இருக்கறதால முழுக் கப்பலும் கண்ணுக்குத் தெரியும். அந்தத் தெளிவுதான் ஆபத்தும். அடி பக்கத்துல இருக்கிற மாதிரி தோணும், கேஜைப் பார்த்தா 25 ஆயிருக்கும். உள்ளே நுழையறதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். முதல் மூணு நாள்ல இதை வைக்காதீங்க. இல்லன்னா அங்கேயே அடுத்த நிலையான அட்வான்ஸ்டு பயிற்சில ஆழ டைவா இதையே பண்ணுங்க, அதுதான் என் யோசனை.

சால்ட் பியர்ல உப்புக் கப்பல் நிக்கிற நாள்ல இறங்க அனுமதி கிடையாது. தெற்கே போற வழியிலேயே தெரியும், அதனால மாற்று இடம் ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. தெற்கு முனைக் கலங்கரை விளக்கம் பக்கம் நீரோட்டம் பலமா இருக்கும், இந்தப் பயணத்துல அது வேண்டாம்.

தௌசண்ட் ஸ்டெப்ஸ்ல படி 100கூட கிடையாது. ஆனா திரும்பி டேங்க்கோட ஏறும்போதுதான் அந்தப் பேர் எதுக்குன்னு புரியும். டைவ் முடிஞ்ச உடனே மூச்சிரைக்க ஏறறது நைட்ரஜன் கொப்புளத்துக்கு நல்லதில்ல. கரையில கால் மணி நேரம் உக்காந்து தண்ணி குடிச்சிட்டு, நின்னு நின்னு ஏறுங்க.

முத்துச்சிப்பி:

யாரும் பவளத்தின் நிலைமையைச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். 2023இல் பொனேரில் கல் பவளத் திசு இழப்பு நோய் வந்துவிட்டது. மூளைப் பவளம், தூண் பவளம் போன்றவற்றில் வெள்ளைத் திட்டாகத் தொடங்கி, சில வாரங்களிலேயே ஒரு முழுப் பவளத்தைக் கொன்றுவிடும். நம் சாமான் வழியாக ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அது போகாமல் பார்ப்பது நம் பொறுப்பு. நோய் உள்ள இடம் எது, மூடிய இடம் எது என்று ஸ்டினாபா அறிவிப்பில் அன்றன்று பாருங்கள். ஒரே நாளில் இரண்டு இடம் போனால் நோய் இல்லாத இடத்துக்கு முதலில், நோய் உள்ள இடத்துக்குக் கடைசியில். மாலையில் டைவ் கடையில் வைத்திருக்கும் கிருமிநாசினித் தொட்டியில் சூட், பூட்ஸ், பிசிடி எல்லாவற்றையும் முக்கி, பிறகு நன்னீரில் அலசுங்கள். பிசிடியின் உள்ளே தேங்கும் கடல்நீரை அநேகம் பேர் மறந்துவிடுகிறார்கள். கவிழ்த்து வால்வு வழியாக வடித்து, உள்ளேயும் அலச வேண்டும்.

கையுறைக்குத் தடை. கையுறை இருந்தால் கை பவளத்தைப் பிடிக்கப் போகும் என்பதுதான் அதன் காரணம். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீனுக்கும் தீவில் தடை. முழுக்கை ரேஷ் கார்டு (உடலை ஒட்டிய நீச்சல் சட்டை) போட்டால் பூசவே தேவையில்லை. எதையும் எடுக்கக்கூடாது, காலிச் சிப்பி ஓட்டைக்கூட.

வண்டியில் திருட்டு. டைவ் இடத்தில் நிறுத்தும்போது கதவைப் பூட்டாமல், கண்ணாடியை இறக்கி, உள்ளே எதுவுமே இல்லாமல் விடுவதுதான் அங்கே வழக்கம். பூட்டினால் கண்ணாடிதான் உடையும். பாஸ்போர்ட், போன், பணப்பை எல்லாம் அறையில். சாவிக்கு நீர் புகாத சிறு குப்பி வாங்கி பிசிடியில் மாட்டுங்கள்; மின்னணுச் சாவி தரும் வண்டி என்றால் முன்பே கேட்டு, சாதாரணச் சாவி வண்டி வாங்குங்கள்.

காது. ஒரு வாரம் தினமும் மூன்று முறை நனைந்தால் வெளிக்காது ஊறிப்போய்த் தொற்று வரும். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நன்னீரால் கழுவி, தலையைச் சாய்த்து வடித்து, நீச்சல்காரர்களுக்கான காது சொட்டு இரண்டு துளி. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்தச் சொட்டு கூடாது. பஞ்சுக் குச்சி விடவே கூடாது.

கையோடு: யோக் (கவ்விப் பிடிக்கும் வகை) வால்வுக்கு 014 அளவு ஓ-ரிங் பத்து, டின் (DIN, திருகி மாட்டும் வகை) ரெகுலேட்டர் என்றால் 112, கூடவே யோக் அடாப்டர். மாஸ்க் பட்டை, ஃபின் பட்டை, வாய்க்கட்டை, ஜிப் டை. ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு மிதவைக் குழாய். பொனேரில் மின்சாரம் 127 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டார்ச், கேமரா சார்ஜரில் 100-240 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இரவு டைவ் ஒன்றாவது வையுங்கள், பகலில் இறங்கிப் பழகிய இடத்திலேயே. பெரிய டார்பன் மீன் பின்னாலிருந்து தோளை ஒட்டி வந்து, உங்கள் டார்ச் வெளிச்சத்தில் இரை பிடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை. வெளிச்சத்தை ஒரே குட்டி மீன்மேல் நிறுத்தாதீர்கள், அது இரையாகிவிடும். பௌர்ணமி கழிந்து இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் இருந்தால், சூரியன் மறைந்து 45 நிமிஷம் அளவில் டார்ச்சை அணைத்து விசிறிப் பவளம் பக்கம் நில்லுங்கள். ஆஸ்ட்ரகாட் என்ற பொடிப் பொடி ஓட்டுயிர்கள் நீலப் புள்ளிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரம் கோத்த மாதிரி விட்டுப்போகும்.

அலைவாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அட்வான்ஸ்டு பயிற்சியை வியாழனுக்கு மாற்றலாமா என்று பார்க்கிறோம். கடைசிக் கேள்வி: சனி காலை 8 மணி விமானம் என்றால் வெள்ளி எத்தனை மணிக்குள் நீரிலிருந்து ஏற வேண்டும்?

பதினெட்டு மீட்டர்:

பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால் விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பின் வழிகாட்டல். 8 மணி விமானத்துக்கு அது வெள்ளி மதியம் 2. நீங்கள் வெள்ளி காலை 9 மணிக்கு ஒரே ஒரு ஆழமில்லாத டைவ் முடித்து, 10 மணிக்குள் கரையேறிவிடுங்கள். அப்போது 22 மணி நேரம் கிடைக்கும், சாமானும் வெயிலில் காயும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் ஆளுக்கு 3, 4 கிலோ கூடும்.

டைவ் காப்பீடு கிளம்புமுன் எடுங்கள். நைட்ரஜன் கொப்புளப் பாதிப்புக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை தீவின் தலைநகர் கிராலெண்டைக்கிலேயே இருக்கிறது. கை கால் மரத்துப்போவது, மூட்டு வலி, காரணமில்லாத அசதி என்று எது இருந்தாலும் "வண்டி ஓட்டினதால் இருக்கும்" என்று விமானம் ஏறாதீர்கள். ஆக்ஸிஜன் கேட்டு வாங்கி, அங்கேயே காட்டிவிட்டு வாருங்கள். பயிற்சியை வியாழனுக்குத் தள்ளாதீர்கள். செவ்வாய், புதன் வைத்தால் கற்றதை வைத்து இன்னும் இரண்டு நாள் டைவ் பண்ணலாம்.